திடீர்த் தொடை மூட்டு வலி: புதிதாக வரும் மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியவை

குடவாசல் வட்டத்து மருத்துவமனைக்கும் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் முதல் பணிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, எலும்பு மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரே ஒரு நோய்க்குறியைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன். நேற்றுவரை நடந்தவர் இன்று தொடை மூட்டு வலியால் காலை ஊன்ற முடியாமல் வந்து நிற்கிறார். உங்களிடம் எக்ஸ்ரே இருக்கும், சில இடங்களில் அல்ட்ராசவுண்டும் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஒரு பக்கம் கும்பகோணம், மறுபக்கம் 2010-இல் தொடங்கிய திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி, இன்னும் தள்ளிப் போனால் 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி. யாரை அனுப்புவது, எதற்காக, எவ்வளவு அவசரமாக என்பதையெல்லாம் முதலில் பார்க்கும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

படம் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதும் மூட்டு நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. கீழே இருக்கும் எல்லாம் இந்த இரண்டிலிருந்து வருபவை.

1. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

"இடுப்பு வலிக்குது டாக்டர்" என்று வருகிறவர்களில் பலர் முதுகின் அடிப்பகுதியைத்தான் சொல்கிறார்கள். விரல் தொடையிடுக்குக்குப் போனால் பந்துகிண்ண மூட்டைச் சந்தேகப்படுங்கள். புட்டத்துக்குப் போனால் முதுகெலும்பையும் பாருங்கள். தொடையின் வெளிப்பக்கம் வலித்து, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால் அங்கே ஒட்டும் தசைநாண்களில் கோளாறு இருக்கலாம். நடவும் களையெடுப்பும் நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை. அந்த வாரங்களில் வரும் பெண்களுக்கு வலி முதுகிலிருந்து இறங்குவதா, மூட்டிலிருந்து எழுவதா என்று பிரித்துக்கொள்ளாமல் எக்ஸ்ரே சீட்டு எழுதாதீர்கள். தவறான இடத்தை எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை.

2. படுக்க வைத்துக் காலைப் பாருங்கள், பிறகு ஊன்றச் சொல்லுங்கள்.

தொடையெலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தால் அந்தக் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். விலகாத முறிவில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. நீட்டிய காலை மெல்ல உள்ளும் வெளியும் உருட்டுங்கள். தொடையிடுக்கில் சுரீரென்று வலித்தால் கோளாறு மூட்டில்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். விலகிய முறிவு இல்லை என்று படம் பார்த்துத் தெரிந்த பிறகு, இருபக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். காலை ஊன்ற முடியாத ஒருவரை 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

பலர் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிவிட்டுத்தான் வருவார்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். எப்போது விழுந்தார், எப்போது நீவினார்கள், அதன் பிறகு வலி கூடியதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. எக்ஸ்ரே சீட்டில் கேள்வியை எழுதுங்கள்.

"வலது தொடை மூட்டு, எக்ஸ்ரே எடுக்கவும்" என்ற சீட்டு ரேடியோகிராபருக்கு எதையும் சொல்வதில்லை. "70 வயது, நேற்று குளியலறையில் விழுந்தார், வலது காலை ஊன்ற முடியவில்லை, உருட்டினால் தொடையிடுக்கில் வலி, கழுத்து முறிவா?" என்று எழுதினால் படம் எடுப்பவர் எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று அறிவார், படிப்பவரும் எங்கே உற்றுப்பார்க்க வேண்டும் என்று அறிவார். இதை எழுத அரை நிமிடம் போதும். பெரிய மருத்துவமனைக்கு எழுதும் எம்.ஆர்.ஐ. கோரிக்கைக்கும் இதே விதிதான்.

4. முதல் படத்தை முறையாக எடுங்கள்.

வலிக்கும் பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். இடுப்பெலும்பு முழுவதும் இரண்டு தொடை மூட்டுகளும் ஒரே படத்தில் வர வேண்டும். நல்ல பக்கம்தான் கெட்ட பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். முறிவுச் சந்தேகம் இல்லாதபோது இரு பாதங்களின் பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஏறத்தாழ 15 பாகை உள்ளே திருப்பி வைத்தால்தான் கழுத்து முழு நீளத்தில் விழும். பாதம் வெளியே சாய்ந்திருந்தால் கழுத்து குறுகித் தெரியும், மெல்லிய முறிவு ஒளிந்துகொள்ளும். முறிவுச் சந்தேகம் இருந்தால் கட்டாயப்படுத்தித் திருப்பாதீர்கள். கூடவே ஒரு பக்கவாட்டுப் படமும் வேண்டும். காலை அசைக்க முடியாதவருக்கு மேசைக்குக் குறுக்கே கதிரை விட்டு அதை எடுக்கலாம்.

படத்துக்கு முன் இடுப்பைப் பாருங்கள். நம் ஊரில் அரைஞாண் கயிறு இருக்கும், அதில் தாயத்து இருக்கும், புடவையில் ஊக்கு இருக்கும், வேட்டி மடிப்பில் சில்லறை இருக்கும். தாயத்தின் நிழல் சரியாகக் கழுத்தின் மேல் விழுந்தால் அந்தப் படம் வீண். காரணத்தைச் சொல்லிப் பணிவாகக் கேட்டால் அவிழ்த்துத் தருவார்கள், முடிந்ததும் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணிடம் மாதவிலக்குத் தேதியைத் தனியாக அழைத்துக் கேளுங்கள், மாமியார் முன்னால் கேட்காதீர்கள்.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவருக்கும் பதில் சொல்லத் தெரிய வேண்டும். இடுப்பெலும்பு எக்ஸ்ரே ஒன்றின் அளவு ஏறத்தாழ 0.6 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நம்மேல் விழும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. அதாவது மூன்று மாதத்துக் கணக்கு. சி.டி.யில் இது பத்து மடங்கு வரை போகலாம். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர் இல்லை.

5. படத்தை ஒரு வரிசையில் படியுங்கள்.

கண் முதலில் வலிக்கும் இடத்துக்குத்தான் ஓடும். அதைக் கட்டுப்படுத்துங்கள். பெயர், தேதி, வலது இடது குறி. பிறகு இடுப்பெலும்பின் பெரிய வளையம், அதன் முன்பக்கக் கிளைகள், பின்னால் திரிகம். முதியவர் விழும்போது தொடையெலும்புக்குப் பதிலாக இந்தக் கிளைகள் முறிவதுண்டு, வலி அதே தொடையிடுக்கில்தான் இருக்கும். பிறகு ஷென்டன் கோடு: தொடையெலும்புக் கழுத்தின் உள்விளிம்பிலிருந்து இடுப்பெலும்புத் துளையின் மேல்விளிம்பு வரை தடையில்லாமல் ஓட வேண்டிய வளைவு. இரண்டு பக்கமும் வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் உடைந்து படி விழுந்தால் அங்கே நில்லுங்கள். பிறகு பந்தின் உருண்டை, மூட்டு இடைவெளி, கழுத்துக்குள் ஓடும் எலும்பு இழைகள்.

கடைசியாக, தொடையெலும்பின் உள்பக்கச் சிறுமேடு. பெரியவர் ஒருவருக்குப் பெரிய அடி எதுவும் இல்லாமல் இந்தச் சிறுமேடு மட்டும் பிய்ந்திருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது எலும்பில் பரவிய புற்றுநோய் என்றே கொள்ளுங்கள். சிறுவர்களுக்கு இதே பிய்ப்பு ஓட்டத்தில் வருவது.

6. விழுந்த முதியவரின் எக்ஸ்ரே நன்றாக இருந்தால் உங்கள் வேலை பாதிதான் முடிந்தது.

வரப்பில் வழுக்கிய பாட்டி, திண்ணைப் படியில் சறுக்கிய தாத்தா. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனால் கால் ஊன்றவில்லை. எலும்பு மெலிந்தவர்களுக்கு, முறிவு விலகாமல் நூல் போல ஓடியிருந்தால் எக்ஸ்ரே அதைக் காட்டாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. காட்டிவிடும், ஏனென்றால் முறிந்த சில மணி நேரத்திலேயே எலும்பு மஜ்ஜையில் நீர் கோக்கிறது. முழு நீளப் பரிசோதனை கூடத் தேவையில்லை. டி1 வரிசை ஒன்றும், கொழுப்பை அடக்கி நீரை வெளிச்சமாகக் காட்டும் ஸ்டிர் வரிசை ஒன்றும் நேர்முகமாக எடுத்தாலே பெரும்பாலும் விடை கிடைக்கும். முதுமையில் நீண்ட நேரம் அசையாமல் படுக்க முடியாதவருக்கு இது பெரிய உதவி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ., 24 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டாலோ நோயாளிக்கு ஆகாவிட்டாலோ சி.டி. நம் பகுதியில் சி.டி. விரைவாகக் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள். சி.டி.யும் நார்மல், வலி மட்டும் அப்படியே என்றால் எம்.ஆர்.ஐ. இன்னும் பாக்கி இருக்கிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. இன்று விலகாத முறிவை இரண்டு மூன்று திருகாணியில் பிடித்து நிறுத்தலாம். அதே முறிவோடு நான்கு நாள் கழிவறைக்கு நடந்து அது விலகிவிட்டால் குழாய்கள் கிழிந்து, பந்தையே மாற்ற வேண்டி வரும். படுக்கையில் விழுந்த முதியவருக்குப் படுக்கைப்புண், சளி, கால் ரத்தக்கட்டி எல்லாம் வரிசையாக வரும். ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டு வருமானம் இந்த நான்கு நாளில் போய்விடும்.

7. காய்ச்சலோடு நொண்டும் குழந்தையை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலுக்குப் பின் மூட்டில் நீர் கோத்துச் சில நாள் நொண்டுவது சாதாரணம், தானாகவே சரியாகும். அதே தோற்றத்தில் வரும் சீழ் மூட்டு மட்டும் குருத்தெலும்பை அரித்து வாழ்நாள் முழுவதும் நொண்ட வைக்கும். இரண்டையும் பிரிக்க 1999-இல் பாஸ்டனில் கோச்சர் குழுவினர் நான்கு அடையாளங்களைச் சொன்னார்கள்: 38.5 பாகைக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்ற மறுப்பது, ஈ.எஸ்.ஆர். 40-க்கு மேல், வெள்ளணுக்கள் 12,000-க்கு மேல். அவர்கள் கணக்கில் நான்கும் இருந்தால் சீழ் ஏறக்குறைய உறுதி. வேறு மருத்துவமனைகளில் சரிபார்த்தபோது அந்தக் கணிப்பு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஆகவே எண்ணிக்கை குறைவு என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பாருங்கள், குழந்தையின் முகத்தையும் பாருங்கள். தொடையை மடக்கி, விரித்து, வெளியே திருப்பி வைத்துக்கொண்டு, டயப்பர் மாற்றவே விடாமல் அலறும் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலும் சீழ் இருக்கலாம்.

இங்கே எக்ஸ்ரேயை விட அல்ட்ராசவுண்டு முந்தும். தொடையின் முன்பக்கம் கழுத்தின் நீளவாக்கில் கருவியை வைத்து, எலும்புக்கும் மூட்டு உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். மறுபக்கத்தை விட 2 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலே நீர் இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் அது வெறும் நீரா சீழா என்பதை அல்ட்ராசவுண்டு சொல்லாது, ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் அன்றே எலும்பு அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். குழந்தையின் நிலை தாங்குமானால், நீர் எடுக்கும் முன்பு ஆன்டிபயாட்டிக் தொடங்கலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டில் நீரே இல்லாவிட்டாலும் அருகிலுள்ள எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

8. முழங்கால் வலி என்று வரும் பிள்ளைக்குத் தொடை மூட்டையும் சோதியுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான நரம்பு இருப்பதால் மேலே உள்ள கோளாறு கீழே வலியாகத் தெரியும். 10 முதல் 16 வயது வரை, அதிலும் உடல் பருத்த பையன்களுக்கு, பந்து வளர்ச்சித் தட்டிலிருந்து மெல்ல நழுவும். முழங்கால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால் ஒருநாள் பந்து முழுவதும் சரிந்துவிடும். கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுங்கள். அது பந்தின் ஓரத்தை வெட்டிச் செல்ல வேண்டும், தொடாமல் போனால் நழுவல். தவளைக்கால் நிலையில் இது இன்னும் தெளிவாகும், ஆனால் காலை ஊன்றவே முடியாத பிள்ளையின் காலை அப்படி விரிக்காதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2013-இல் இந்த நழுவலை வைட்டமின் டி குறைவோடு சேர்த்து எழுதினார்கள். ஆகவே ஒல்லியான பிள்ளை என்று விட்டுவிடாமல் அந்த ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். நான்கு முதல் எட்டு வயதில் நொண்டல் வாரக்கணக்கில் நீடித்தால் பந்துக்கு ரத்தம் குறையும் பெர்த்தஸ் நோயை நினையுங்கள். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் இருக்கும்.

9. ஓடுகிறவர்களையும் கபடிப் பிள்ளைகளையும் கேட்டு அறியுங்கள்.

கபடியில் பாய்ந்தபோது 'டப்' என்று சத்தம் கேட்டதாகப் பதினைந்து வயதுப் பையன் சொன்னால், இடுப்பெலும்பின் முன்முனையிலோ உட்காரும் எலும்பிலோ தசை ஒரு துண்டைப் பிய்த்திருக்கலாம். இடுப்பெலும்புப் படம் முழுவதையும் பார்த்தால் அது தெரியும். காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் திடீரென்று தினமும் பல கிலோமீட்டர் ஓடத் தொடங்கிய இளைஞர் தொடையிடுக்கு வலியோடு வந்தால், கழுத்தில் அழுத்த முறிவு இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் பாருங்கள். முதல் வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் எதையும் காட்டாது. விரிசல் கழுத்தின் கீழ்விளிம்பில் இருந்தால் ஓய்வில் ஆறலாம், மேல்விளிம்பில் இருந்தால் எந்நேரமும் முழுதாக முறியலாம். முடிவு தெரியும் வரை ஓட்டத்தை நிறுத்தி ஊன்றுகோல் கொடுங்கள். "தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் சார்" என்பார். அந்தக் கவலையைக் காது கொடுத்துக் கேளுங்கள், ஆனால் ஊன்றுகோலைத் திரும்ப வாங்காதீர்கள்.

10. முப்பது நாற்பது வயதில் வலி என்றால் மதுவையும் ஸ்டீராய்டையும் கேளுங்கள்.

பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு சாவது இந்த வயதில்தான் அதிகம். மது, நீண்டநாள் ஸ்டீராய்டு, பெயர் தெரியாத வலிப்பொடிகள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் இது வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நீலகிரிக்கு மாற்றலானால் பழங்குடி மக்களிடம் உள்ள அரிவாள் செல் சோகையையும் பட்டியலில் சேருங்கள். எக்ஸ்ரேயில் பந்தின் மேல்தோலுக்கு அடியில் பிறைக்கோடு தெரியும்போது எலும்பு சரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே எம்.ஆர்.ஐ.யில் தெரியும், அப்போதுதான் பந்தைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு இடம் இருக்கும். இரண்டு பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அடிபடாமல் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும், அங்கே வலி இருக்க வேண்டும் என்பதில்லை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் கால் ஊன்ற முடியாத தொடையிடுக்கு வலி வந்தால் "பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் இருக்கும்" என்று விடாதீர்கள். அந்தக் காலத்தில் பந்தின் எலும்பு தற்காலிகமாக மெலிவதுண்டு. எம்.ஆர்.ஐ.யில் தெரியும், பாரத்தைக் குறைத்தால் சரியாகும், கவனிக்காவிட்டால் முறியும்.

11. மூட்டுக்கு வெளியிலும் தேடுங்கள்.

தொடையை மடக்கியே வைத்திருக்கிறார், ஆனால் மடக்கிய நிலையில் உருட்டினால் வலியில்லை. அப்போது கோளாறு வயிற்றின் பின்பக்கத்துச் சோவாஸ் தசையில் இருக்கலாம். முதுகெலும்புக் காசநோயின் சீழ் அந்தத் தசை வழியாகத் தொடை வரை இறங்கும், குடல்வால் அழற்சியும் அதைச் சீண்டும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதற்குள்ளேயே ரத்தம் கட்டும். அல்ட்ராசவுண்டை மூட்டோடு நிறுத்தாமல் வயிற்றுக்கும் ஏற்றுங்கள். தொடையிடுக்குக் குடலிறக்கத்தைக் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள், சிறுநீரகக் கல்லையும் நினைவில் வையுங்கள். மூட்டிலேயே காசநோய் வருவதும் நம் நாட்டில் அரிதல்ல: மாதக்கணக்கில் நொண்டல், மாலைக் காய்ச்சல், இரவில் வலியால் விழிப்பு, எக்ஸ்ரேயில் மூட்டைச் சுற்றி எலும்பு அடர்த்தி குறைந்து தெரிவது. இது மெல்ல வளரும் நோய்தான், ஆனால் திடீரென்று வலி கூடிய நாளில்தான் உங்களிடம் வருவார்கள்.

12. அனுப்பும்போது ஆளை மட்டும் அனுப்பாதீர்கள்.

முதலில் வலிக்கு மருந்து கொடுங்கள். வலிக்கும் நிலையில் காலை நேராக்க முயலாமல் தலையணை வைத்துத் தாங்குங்கள். அங்கே எம்.ஆர்.ஐ. அன்று இயங்குகிறதா, எலும்பு மருத்துவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். உடலில் இதய பேஸ்மேக்கர், பழைய அறுவையின் உலோகம், கண்ணில் எப்போதோ விழுந்த இரும்புத் துகள் உண்டா என்று கேட்டுக் கடிதத்தில் எழுதுங்கள். கடைசி நிமிடத்தில் இது தெரிந்து திரும்பி வந்தால் ஒரு நாள் கூலியும் வண்டி வாடகையும் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்த படங்களையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். படத்தைப் போனில் அனுப்புவதானால் முழுப்படமும் வலது இடது குறியோடு தெரியட்டும், நோயாளியின் பெயர் தெரிய வேண்டாம்.

13. வீட்டுக்கு அனுப்புகிறவருக்குத் திரும்பி வரும் நாளைச் சொல்லுங்கள்.

கால் ஊன்றுகிறார், உருட்டினால் வலியில்லை, காய்ச்சல் இல்லை, படமும் நன்றாக இருக்கிறது. அனுப்பலாம். ஆனால் "ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "இன்றைய படத்தில் முறிவு தெரியவில்லை. வலி கூடினாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே வாருங்கள், இல்லாவிட்டாலும் இன்ன தேதியில் வந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அதையே சீட்டிலும் தமிழில் எழுதிக் கொடுங்கள், வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை படித்துச் சொல்லும். அந்தத் தேதியில் அவர் வராவிட்டால் கிராம சுகாதார செவிலியர் மூலம் விசாரியுங்கள். எக்ஸ்ரே அன்றைய எலும்பை மட்டுமே காட்டுகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்த மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டு அறிய வேண்டியது மருத்துவராகிய நீங்கள்தான்.